சாரணர் முகாமும் குடும்பத்தாரும்

(கூட்டுறவு சங்க அங்கத்தினர்களின் வாசிப்புக் கூட்டங்களுக்குரிய பாடம்)

1. பாடத்தின் நோக்கம்

நமது கிராமப் பள்ளிக்கூடங்களில் சாரணர் படை ஏற்படும்போது, பிள்ளைகள் கழுத்துக்குட்டை அணிந்து கொடிக்கம்பத்தின் முன் அணிவகுத்து நிற்பதைக் கண்டு பெற்றோர் மகிழ்கின்றனர். ஆயினும், அப்பிள்ளைகள் ஓரிரவு வெளியிடத்தில் தங்கி முகாம் நடத்தப் போகின்றனர் என்ற செய்தி வீட்டுக்கு எட்டியதும் அம்மகிழ்ச்சி குன்றிவிடுகின்றது. ஏரியில் இறங்கிவிடுவானோ, பூச்சி பொட்டு தீண்டிவிடுமோ, பசி பொறுப்பானோ என்று தாய்மார் கவலைப்படுவது இயற்கையே. அக்கவலை வீணென்று கூற நாம் முன்வரவில்லை. ஆனால் அதற்குப் பரிகாரம் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்வதன்று. குடும்பத்தாரும் உடன்சென்று தங்கும் முகாமொன்றை ஒழுங்காக நடத்துவதே தக்க பரிகாரமாகும்.

ஆடிப்பெருக்கன்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குச் செல்வதும், சிறுவர் வீட்டுக்கு வீடு அரிசி பருப்பு வாங்கித் தோப்பில் கூட்டாஞ்சோறு ஆக்குவதும் நமக்குப் புதியன அல்ல. குடும்ப முகாமென்பது அவ்வழக்கங்களோடு ஒழுங்கையும் பயிற்சியையும் சேர்ப்பதேயாகும். அவ்வொழுங்கு யாது என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

2. எல்லோரும் பார்த்தனர், ஒருவரும் பார்க்கவில்லை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏரிக்கரையில் நடைபெற்ற முகாமைக் காண இக்கட்டுரையாளர் சென்றிருந்தார். பிள்ளைகள் இருபது பேர். உடன் வந்த பெரியவர்கள் முப்பதுக்குக் குறையார். மாலை விளையாட்டு முடிந்து எண்ணிப் பார்க்கையில் பத்தொன்பது பிள்ளைகளே இருந்தனர். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைக் காணோம். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கி, இடுப்பளவு நீரில் காலால் துழாவினர். சிறுவனின் தாய் வாய் திறவாமல் கரையில் உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரத்துக்குப் பின், சாமான் ஏற்றிவந்த டிராக்டர் வண்டியில் சாக்குகளுக்கிடையே அச்சிறுவன் அயர்ந்து உறங்குவதை ஒரு பெண் கண்டு குரல் கொடுத்தார்.

அன்று தெய்வாதீனமாகத் தீங்கு நேரவில்லை. ஆயினும், ஏரிக்கரையைக் காக்க நியமிக்கப்பட்டவர் யார் என்று வினவியபோது ஒவ்வொருவரும் மற்றொருவரைச் சுட்டினர். முப்பது பெரியவர்கள் இருந்தமையாலேயே ஒவ்வொருவரும், "வேறு யாரேனும் பார்த்துக்கொள்வர்" என்று எண்ணிவிட்டனர். இரண்டே பேர் இருந்திருப்பின் இத்தவறு நேர்ந்திராது.

ஊர் கூடித் தேர் இழுக்கிறோம். வடம் பிடிப்போர் ஆயிரம் பேராயினும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் இன்னார் என்பது முன்னரே தீர்மானமாயிருக்கும். அது தீர்மானமாயிராத தேர் நிலைக்கு வந்து சேராது. முகாமும் அத்தகையதே. ஒவ்வொரு வேலைக்கும் பெயர் குறிப்பிட்ட ஒருவர் இருத்தல் வேண்டும். பிள்ளைகளுக்குரிய வேலையைப் பெரியவர்கள் பறித்துக்கொள்ளலாகாது. இவ்விரண்டு விதிகளும் மனத்தில் ஊன்றினால் ஏனையவை தாமே விளங்கும்.

3. முகாமின் வரலாறு

சாரணர் இயக்கம் முகாமிலேயே பிறந்தது. இங்கிலாந்தின் தென்கரையில், பூல் துறைமுகத்திலுள்ள பிரவுன்சீ என்னும் தீவில், 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத முதல் வாரத்தில் பேடன் பவல் என்னும் சேனாதிபதி சுமார் 20 சிறுவர்களைக் கொண்டு ஒரு முகாம் நடத்தினார். அவர்களுள் ஒரு பகுதியினர் செல்வர் பயிலும் பள்ளிகளிலிருந்தும், மற்றொரு பகுதியினர் அண்மையிலுள்ள நகரங்களின் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் வந்தோர். இருசாராரையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பவுனும், ஏனையோருக்கு மூன்றரை ஷில்லிங்கும் கட்டணமாக விதிக்கப்பட்டன. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங் ஆதலின், எளிய வீட்டுப் பிள்ளை செலுத்தியது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே. இருவரும் உண்ட உணவும் உறங்கிய கூடாரமும் ஒன்றே. சக்திக்கேற்ற சந்தா, சமமான உரிமை என்னும் இந்நியதியைக் கூட்டுறவாளர் கவனித்தல் தகும்.

1908-ஆம் ஆண்டு பேடன் பவலின் சாரணர் நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே இயக்கம் இந்தியாவில் பெங்களூரை எட்டியது. தொடக்கத்தில் இந்நாட்டுப் படைகள் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கும் உரியனவாக இருந்தன. முதல் உலக யுத்த காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனச் சாரணர் சங்கமொன்றை நிறுவினார். 1921-ஆம் ஆண்டு பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது அச்சங்கம் அவரது இயக்கத்துடன் இணைந்தது. 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆந் தேதி பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று.

இளம் பிள்ளைகளுக்குரிய குருளையர் பிரிவு 1916-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏற்பட்டது. அதற்குக் கதைக்களமாக எடுத்துக்கொள்ளப்பட்டது, கிப்ளிங் எழுதிய, நமது மத்திய இந்தியாவின் சியோனிக் காட்டில் நிகழும் ஓநாய்ச் சிறுவனின் கதையே. அமெரிக்க நாட்டில் 1930-ஆம் ஆண்டு குருளையர் பிரிவு தொடங்கியபோது, அதனை வீட்டையும் அண்டை அயலையும் பற்றியே அமைத்தனர். பின்னர்த் தாய்மாரும் சிறு குழுக்களை நடத்தினர். அங்குக் குருளையர் வெளியிடத்தில் இரவு தங்கும்போது பெற்றோரோ பாதுகாவலரோ உடனிருத்தலும், முகாம் நடத்துவதில் தனிப் பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவரேனும் இருத்தலும் விதியாகும். குடும்ப முகாம் முறை இவ்வாறு வளர்ந்தது.

4. குடும்பத்தார் செய்யத் தக்கதும் தகாததும்

தாய் அருகிலிருந்தால் பத்து வயதுப் பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளையாகிவிடுகின்றது. தந்தை அருகிலிருந்தால் கூடாரத்தின் முளையைத் தாமே அடித்துவிடுகின்றார். முளை நன்றாக இறங்குகின்றது. ஆனால் பிள்ளை ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. பிள்ளை அடித்த முளை இரவில் பிடுங்கிக்கொண்டு, கூடாரம் தலைமேல் சரிவதனால் யாதொரு கேடும் இல்லை. மறுமுறை அவன் முளையைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்த்து அடிப்பான். எவரும் அவனுக்கு அதனைச் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை.

ஆகவே வேலைகளை இருவகையாகப் பிரித்தல் வேண்டும். பிழை நேர்ந்தால் சிரிப்போடும் சிறு சிரமத்தோடும் முடியக்கூடியவை யாவும் பிள்ளைகளுடையன: கூடாரம் கட்டுதல், காய் நறுக்குதல், சோறு வடித்தல், பாத்திரம் துலக்குதல், இடத்தைப் பெருக்குதல், நிகழ்ச்சி நடத்துதல் முதலியன. சோறு குழைந்தால் குழைந்த சோற்றை உண்போம். பிழை நேர்ந்தால் உயிருக்கு ஊறு விளையக்கூடியவை மூன்று: நீர், நெருப்பு, இரவு. இம்மூன்றின் காவல் பெரியவர்களுடையது. அடுப்பருகில் பிள்ளை சமைக்கலாம். அடுப்பைக் காப்பவர் பெரியவராதல் வேண்டும்.

பிள்ளைகளை ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகளாக்கி, ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவனையோ தலைவியையோ அமர்த்துக. பெற்றோர் தம் பிள்ளைக்கு நேரே கட்டளையிடாமல் அணித்தலைவன் வழியாகவே சொல்லுதல் நலம். இது முதலில் வேடிக்கையாகத் தோன்றும். ஆயினும், தன் தந்தையே தன் அணித்தலைவனுக்கு மரியாதை கொடுப்பதைக் காணும் பிள்ளை, தலைமை என்பது வயதினாலன்றிப் பொறுப்பினால் வருவது என்று அறிகின்றது. நமது சங்கங்களுக்கு வருங்காலத்தில் நிர்வாகிகள் வேண்டுமாயின், இப்பயிற்சி இவ்வயதிலேயே தொடங்குதல் நன்று.

5. காலமும் இடமும்

தை, மாசி மாதங்களே நம் நாட்டில் முகாமுக்கு ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் முதிர்ந்திராது, அறுவடை முடிந்த ஊர்களில் பெரியவர்களுக்கு ஓய்வும் கிடைக்கும். முதல் முகாம் ஓரிரவுக்கு மேற்படலாகாது. ஊரிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருத்தல் வேண்டும்.

இடத்தைத் தெரிந்துகொள்ளும்போது கவனிக்க வேண்டுவன:

(அ) ஓடை, காட்டாறு, ஏரியின் உட்புறம் ஆகியவற்றில் கூடாரம் அடித்தல் கூடாது. மேலிடத்தில் பெய்த மழை, இங்கு வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும்.

(ஆ) தென்னை, பனை இவற்றின் அடியிலும், பட்ட கிளையுள்ள மரங்களின் அடியிலும் தங்குதல் கூடாது. ஆலமரத்தின் நிழல் இனியதே. ஆயினும் முதலில் அண்ணாந்து பார்த்து, மலைத்தேனீக் கூடு இல்லை என்று தெரிந்துகொள்க. அடுப்புப் புகை பட்டால் அத்தேனீக்கள் சும்மா இரா.

(இ) கூடாரமும், பாத்திரம் துலக்குமிடமும், மலங்கழிக்கும் இடமும் நீர்நிலையிலிருந்து 200 அடிக்குக் குறையாத தொலைவில் இருத்தல் வேண்டும். கழிப்பறை இல்லாவிடின், ஒவ்வொருவரும் அரையடிக்குக் குறையாத குழி தோண்டி, பயன்படுத்தியவுடன் மண்ணிட்டு மூடுதல் வேண்டும். பெண்களுக்கெனத் தட்டி கட்டிய தனியிடம் இன்றியமையாதது. இதனை ஏற்பாடு செய்யாமல் குடும்பங்களை அழைத்தல் கூடாது.

(ஈ) நிலத்துக்குரியவரிடம் முன்னரே அனுமதி பெறுக. ஏரி, புறம்போக்கு ஆகியவையாயின் ஊராட்சியாரிடமும், காடாயின் வனத்துறையாரிடமும் பெறுதல் வேண்டும்.

6. நீர்

முகாமின் முதற் சத்துரு நீரே. நம் ஏரிகளில் மண் எடுத்த குழிகள் நீருக்குள் மறைந்து கிடக்கின்றன. முழங்கால் அளவு நீரில் நடந்து செல்லும் பிள்ளை, அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்தில் விழக்கூடும். ஆதலின், உள்ளூரில் ஏரியை நன்கறிந்த ஒருவர் இறங்கிப் பார்த்து எல்லை கட்டாத இடத்தில் பிள்ளைகள் குளித்தல் கூடாது. எல்லை கட்டிய இடத்திலும், இருவர் இருவராகவே இறங்கி இருவர் இருவராகவே ஏறுதல் வேண்டும். காவலர் சீழ்க்கை ஊதியவுடன் ஒவ்வொரு பிள்ளையும் தன் துணையின் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டுக. கரைக் காவலர் அவ்வேளையில் வேறு வேலை பாரார், பேசியிரார், கைப்பேசியைத் தொடார்.

ஒருவர் நீரில் தத்தளிக்கக் கண்டால், நீந்தத் தெரியாதவர் குதித்தல் கூடாது. ஒருவரைக் காக்கப் போய் இருவர் மூழ்கிய துயரங்கள் பல. கரையில் நின்று மூங்கிலையோ வேட்டியையோ நீட்டுக. எட்டாவிடில், மூடியிறுக்கிய காலிப் பிளாஸ்டிக் கேனைக் கயிற்றில் கட்டி எறிக. இவ்விரண்டையும் குளிக்கும் துறையில் முன்னரே வைத்திருத்தல் வேண்டும். கரையேற்றியவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சு இல்லையேல், வாயோடு வாய் வைத்து ஊதுதலும் மார்பை அழுத்துதலும் தாமதமின்றித் தொடங்குதல் வேண்டும். இதில் பயிற்சி பெற்ற ஒருவர் முகாமில் இருத்தல் கட்டாயம்.

குடிநீர் வேறு விஷயம். குடிக்கவும் சமைக்கவும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும்; 50 பேருக்கு 250 லிட்டர் என்க. ஐயத்துக்கிடமான நீரை, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷமேனும் கொதிக்கவைத்து ஆற்றுதல் வேண்டும். நீர் எடுக்க நீண்ட பிடியுள்ள அகப்பை வைத்திருந்தால், பானைக்குள் கை படாது.

7. நெருப்பு

அடுப்பைச் சுற்றிப் பத்தடிக்குச் சருகும் புல்லும் இல்லாமல் செதுக்குக. காற்று எத்திசையினின்று வீசுகின்றதோ அத்திசைக்கு எதிர்ப்புறத்தில், அதாவது கூடாரங்களுக்குப் பொறி பறவாத பக்கத்தில், அடுப்பு அமைதல் வேண்டும். ஒரு குடம் நீரும் ஒரு சட்டி மணலும் அடுப்பருகே நீங்காதிருக்கட்டும். சமைக்கும் பிள்ளைகள் பருத்தியாடை அணிக. நைலான் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தாவணியும் துப்பட்டாவும் இடுப்பில் செருகப்பட்டிருத்தல் வேண்டும்.

சுட்ட புண்ணுக்கு மையும் மாவும் பற்பசையும் தடவுதல் தீது. குளிர்ந்த நல்ல நீரை இருபது நிமிஷம் இடைவிடாது ஊற்றுவதே முதலுதவி. இரவில் குளிருக்கென்று கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள் கொண்டுபோதல் ஒருபோதும் கூடாது. கரியிலிருந்து எழும் நச்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மடிவர். அடுப்பை அணைக்கும்போது நீர் ஊற்றி, கிளறி, மீண்டும் நீர் ஊற்றிப் புறங்கையை அருகே காட்டிப் பார்க்க. கை சுடாமலிருந்தால் நெருப்பு அணைந்தது, சுட்டால் அணையவில்லை.

8. இரவு

நம் நாட்டில் உயிர்ச்சேதம் மிகுதியாக விளைக்கும் பாம்புகள் நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இவற்றுள் கட்டுவிரியன் இரவில் திரிவது. தரையில் படுத்துறங்குவோரைத் தீண்டுவது. அதன் கடியில் வலி பெரும்பாலும் தெரியாது. ஆதலின் கட்டிலில் உறங்குதலும், கொசுவலையின் ஓரங்களைப் படுக்கையின் கீழ் செருகிவிடுதலும் மிகச் சிறந்த காப்பு. சிந்திய சோறு எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். எனவே எச்சிலும் மிச்சமும் இரவுக்கு முன் அகற்றப்படுதல் வேண்டும். இரவில் எழுவோர் கைவிளக்கின்றி அடியெடுத்து வைத்தல் கூடாது. காலணியை உதறிய பின்னரே அணிதல் வேண்டும்.

பாம்பு தீண்டினால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீமையே தரும். கடியுண்டவரை நடக்கவிடாமல், கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்க. அம்மருந்து எங்கே உளது என்பதை முகாமுக்கு முன்னரே விசாரித்து எழுதிவைத்தல் வேண்டும். இங்கு ஒரு செய்தியைக் கூட்டுறவாளர் பெருமையுடன் அறியலாம். அம்மருந்து செய்வதற்கு வேண்டும் நஞ்சைச் சேகரித்துக் கொடுப்போருள், செங்கற்பட்டுச் சீமையில் 1978-ஆம் ஆண்டு ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தார் முக்கியமானவர். மேற்கூறிய நான்கு பாம்புகளையும் பிடித்து, நஞ்சை எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுதல் அவர்தம் தொழில். நம்மைப் போன்ற ஒரு சங்கத்தின் அங்கத்தினர்களே எங்கோ ஒரு குழந்தையின் உயிரைக் காக்கின்றனர்.

இடி முழங்குமாயின் முகாம் உடனே கலைந்து, பள்ளிக்கூடம் முதலிய உறுதியான கட்டடத்துக்குச் செல்லுதல் வேண்டும். கடைசி இடிக்குப்பின் அரைமணி நேரம் கழியும்வரை வெளிவருதல் கூடாது. மரத்தடி புகலிடமாகாது, கூடாரமும் ஆகாது.

இரவுக் காவலைப் பற்றி மற்றொன்றும் கூறுதல் வேண்டும். இதனைக் கூறக் கூச்சப்படுதல் தவறு. பிள்ளைகளுக்குத் தீங்கு பாம்பினாலும் நீரினாலும் மட்டுமன்று, மனிதராலும் நேர்வதுண்டு. அமெரிக்கச் சாரணர் அமைப்பு, பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் பெரியவர்களால் கெடுக்கப்பட்டமைக்காக, 82,000-க்கு மேற்பட்டோரின் முறையீட்டை எதிர்கொள்ள நேர்ந்தது. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. நம்பிக்கைக்கும் காவல் வேண்டும் என்பது அதன் படிப்பினை. எப்பெரியவரும் பிறர் பிள்ளையோடு தனித்திருத்தல் கூடாது. எவ்வேளையிலும் பெரியவர் இருவர் இருத்தல் வேண்டும். பெற்றோரன்றிப் பிறர் பிள்ளைகளின் கூடாரத்தில் உறங்குதல் கூடாது. இவ்விதி தலைமையாசிரியருக்கும் சங்கத் தலைவருக்கும் ஒக்கும். விதியைச் சொல்லும்போது எவரும் மனம் புண்பட வேண்டுவதில்லை. கணக்கைத் தணிக்கை செய்வதனால் காரியதரிசி கள்வராகிவிடுவதில்லை அன்றோ?

9. ஒருநாள் முகாமின் ஒழுங்கு

சனிக்கிழமை பிற்பகல் 3 மணி: வருகை, பெயர்ப் பதிவு, எண்ணிக்கை. கூடாரம் கட்டுதல்.
5 மணி: விளையாட்டு, மரத்தின் உயரம் காணும் பயிற்சி.
6 மணி: எண்ணிக்கை. சமையல்.
8 மணி: தீவட்டத்தில் கதையும் பாட்டும்.
9 மணி: வானம் பார்த்தல், எண்ணிக்கை, உறக்கம்.
ஞாயிறு காலை 6 மணி: எண்ணிக்கை; உடற்பயிற்சி; காலையுணவு.
8 மணி: தடம் பார்த்து நடத்தல், ஊர்க்கிழவர் ஒருவர் பச்சிலைகளையும் பறவைகளையும் காட்டுதல்.
11 மணி: இடத்தைத் துப்புரவாக்குதல், எண்ணிக்கை, விடைபெறல்.

மரத்தின் உயரம் காண்பதற்கு ஏறவேண்டுவதில்லை. நான்கடிக் கோலை நிமிர்த்தி நட்டு, அதன் நிழலையும் மரத்தின் நிழலையும் ஒரே வேளையில் அளக்க. கோலின் நிழல் ஆறடியும், மரத்தின் நிழல் அறுபதடியும் ஆனால் மரம் நாற்பதடி. இக்கணக்கைப் பள்ளியில் கரும்பலகையில் வெறுத்த பிள்ளை, இங்குத் தானே செய்து தந்தைக்கு விளக்குவதைக் காணலாம்.

தை மாதத்து இரவில் கார்த்திகையின் மீன்கூட்டமும், செந்நிறம் காட்டும் திருவாதிரையும் நன்கு விளங்கும். பாட்டிமார் அறிந்த இவற்றைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட இதனினும் நல்ல வாய்ப்பில்லை. துருவ நட்சத்திரம் நம் நாட்டில் வடக்கே தாழ்வாக நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய பத்துப் பாகை. சென்னையில் துருவன் அடிவானிலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலும், கன்னியாகுமரியில் ஒரு முஷ்டிக்குச் சற்றுக் கீழும் காணப்படும். வடக்கே போகப்போக அது உயரும். பூமி உருண்டை என்பதைப் பிள்ளைகள் தம் கைமுஷ்டியாலேயே அளந்துகொள்ளலாம்.

10. சங்கம் செய்யக்கூடியது

முகாம் நடத்துதல் சாரண ஆசிரியரின் வேலை. அவருக்குத் துணை நிற்றல் சங்கத்தின் வேலை. தார்ப்பாய், சாக்கு, அண்டா, தண்ணீர்த் தொட்டி முதலியன சங்கத்திலும் அங்கத்தினர் வீடுகளிலும் இருப்பவையே. அவற்றைப் பட்டியல் எழுதிக் கொடுத்து, பட்டியல் பார்த்து வாங்கிக்கொள்க. 50 பேர் கொண்ட முகாமில் ஒருவேளைச் சோற்றுக்கு ஆறு கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் போதும். இவை வீட்டுக்கு வீடு படியளந்து வந்தால் ஒருவருக்கும் பாரமாகாது.

சந்தாவை நிர்ணயிக்கும்போது பிரவுன்சீத் தீவை நினைவுகூர்க. இயன்றவர் கூடுதலாகவும், இயலாதவர் ஒரு படி அரிசியாகவோ ஒருநாள் உழைப்பாகவோ கொடுக்கலாம். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது கணக்கரைத் தவிர வேறெவருக்கும் தெரிதல் கூடாது. பந்தி ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஒரே அணியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்திருத்தல் வேண்டும். தெருவுக்கொரு அணி என்று அமைப்பது முகாமின் நோக்கத்தையே அழிப்பதாகும். முகாம் முடிந்த வாரத்திலேயே வரவு செலவைச் சங்கக் கட்டடத்தில் ஒட்டுக.

இறுதியாக, புறப்படுமுன் ஒரு பட்டியல் எழுதுக: கரைக் காவலர் இன்னார், அடுப்புக் காவலர் இன்னார், இரவுக் காவலர் இருவர், இன்ன மணி முதல் இன்ன மணி வரை, எண்ணிக்கை எடுப்பவர் இன்னார், முதலுதவி இன்னார், வாகனத்துடன் ஆயத்தமாயிருப்பவர் இன்னார், ஆம்புலன்சுக்கு 108. அப்பட்டியலைக் கொடிக்கம்பத்தில் எல்லோரும் காணக் கட்டுக. பெயரில்லாத இடம் ஒன்று இருப்பினும், அவ்விடம் நிரம்பும்வரை முகாம் தொடங்குதல் கூடாது. வடம் பிடிக்க ஊரே வரும். முட்டுக்கட்டைக்கு ஆள் சொல்லிய பின்னரே தேர் நகரட்டும்.

11. கூட்டத்தில் விவாதிக்கத் தக்க வினாக்கள்

1. நமது ஊரில் முகாமுக்கேற்ற இடம் யாது? அங்கு மறைந்துள்ள பள்ளங்களை அறிந்தவர் யார்?
2. விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவில் உளது? இரவில் அங்குச் செல்ல எவ்வளவு நேரமாகும்?
3. மூச்சு நின்றவருக்கு முதலுதவி செய்யக் கற்றவர் நமது சங்கத்தில் எத்தனை பேர்? இல்லையேல், கற்பிக்க யாரை அழைக்கலாம்?
4. பிள்ளைகளிடம் விடத்தக்க வேலைகளுள், நாம் விட மனமின்றி வைத்துக்கொண்டிருப்பவை எவை?
5. "எல்லோரும் பார்த்துக்கொள்வர்" என்று விடப்பட்டுப் பாழான காரியம் நமது சங்கத்திலேயே ஏதேனும் உண்டோ? அதற்கு இன்று யார் பெயரை எழுதலாம்?